ஓக் மரத்தில் எங்கள் ஆந்தை

செம்புக் குடத்தின் வாயைச் சிவப்புப் பட்டால் மூடி, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பூசை செய்ய வந்த தந்திரி முன்னே நடந்தார். என் அண்ணன் மாதவன் அவருக்கு ஓலைக்குடை பிடித்தான். கையில் விளக்கோடு நான் பின்னால் போனேன். மஞ்சள்பொடியும் கமுகம்பூவும் சேர்ந்து மணத்தன. காலுக்கடியில் சருகு ஈரமாக இருந்தது.

குடத்துக்குள் எங்கள் காவின் நாகதெய்வங்கள் இருந்தன. அப்படித்தான் சொன்னார்கள். காவின் நடுவில் இருந்த கற்களிலிருந்து மந்திரம் சொல்லி அவற்றைக் குடத்தில் ஏற்றியாயிற்று. எங்கள் விளையின், அதாவது தோட்டத்தின், தென்மேற்கு மூலையில் அண்ணன் புதிதாக ஒரு சிமெண்டுத் தரை போட்டிருந்தான், பத்தடிக்குப் பத்தடி. இனி அவை அங்கேதான் குடியிருக்க வேண்டும்.

"எல்லாரும் ஏறியாச்சு. இனி அங்க ஒண்ணும் பாக்கியில்ல" என்றார் தந்திரி.

நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். காலியாகிவிட்டதாகச் சொன்ன அந்தக் கல்லின் அடியில், மரத்தின் இடைவெளி வழியாக விழுந்த ஒரு துண்டு வெயிலில், ஆள் நீளத்துக்கு ஒரு சாரைப்பாம்பு காய்ந்துகொண்டு கிடந்தது.

விளக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நடந்தேன்.

எட்டுப் பக்கம் வண்ணத்தில்

இதை இந்த வாரம் எழுதக் காரணம் இந்தப் பத்திரிகையேதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் நடுவில் எட்டுப் பக்கம் வழவழப்பான தாளில் ஒரு இணைப்புக் கொடுத்தார்கள், பார்த்திருப்பீர்கள். குளிரும் வெயிலும் மிதமான ஏதோ ஒரு நாடு. அங்கே காட்டுயிர்கள் எங்கெங்கே வாழ்கின்றன என்று படம் படமாகப் போட்டிருந்தார்கள். ஓக் மரக்காடு, ஊதாப் பூப்பூத்த புதர்வெளி, வயலைச் சுற்றிய வேலிப்புதர், ஆற்றங்கரை, கடலோரத்து உப்புச் சதுப்பு. பறவை கூடு கட்டும் மாதங்களில் அங்கே வேலியைக்கூட வெட்டக் கூடாதாம்.

நன்றாக இருக்கட்டும். அவர்கள் வேலியை அவர்கள் காப்பாற்றுகிறார்கள், அதில் எனக்கு என்ன நஷ்டம்?

என் வயிறு எரிந்தது வேறு எதற்கோ. அந்தப் படங்கள் எனக்குப் புதிதல்ல. ஓக் காடு, புதர்வெளி, வேலி, ஆற்றங்கரை, சதுப்பு என்று அதே ஐந்தையும், அதே வரிசையில், முப்பது வருஷத்துக்கு முன்னால் என் கையால் நானே வரைந்திருக்கிறேன். வரையச் சொன்னவன் என் அண்ணன். அந்தக் கதையை எழுதாமல், நான் இதில் எழுதிவரும் தொடரை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இந்தப் படங்கள் விடவில்லை. ஆசிரியர் இதை வெட்டாமல் போடுவார் என்று நினைக்கிறேன். வெட்டுகிறவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், அவர் யோசித்துக்கொள்ளட்டும்.

அண்ணனை 'அவன்' என்று எழுதுவதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். ஒரு காலத்தில் நானும் 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்து துணிப்படங்கள்

திருவட்டாற்றிலிருந்து ஆற்றோரமாக நடந்தால் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர். அப்போது நாங்கள் இன்னும் தமிழ்நாட்டோடு சேரவில்லை. ஊர்ப் பள்ளியில் அண்ணன் இயற்கைப் பாட வாத்தியார், நான் சித்திர டீச்சர். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு ஓலைத்தட்டிதான். அவன் பேசுவது முழுவதும் என் காதில் விழும்.

அவன் பாடம் நடத்துவதைக் குறை சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. பாடநூலில் இருந்ததெல்லாம் சீமை நாட்டுக் காடும் சீமை நாட்டு மிருகமும்தான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அம்மாள் விட்டுப்போன பழைய புத்தகம் ஒன்றும் அவனிடம் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்கள். அதை வைத்துக்கொண்டு ஐந்து பெரிய துணிப்படம் வரைந்து தரச் சொன்னான்.

நான் ஓக் மரத்தைக் கண்டேனா, பாட்ஜர் என்ற வளைநோண்டும் மிருகத்தைக் கண்டேனா? புத்தகத்துப் படமோ புகை படிந்தது மாதிரி இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கள் காவுக்கு.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பழைய வீடுகளுக்குப் பின்னால் நாகங்களுக்கென்று ஒரு துண்டுக் காடு விட்டிருப்பார்கள். அதுதான் காவு. அங்கே அரிவாள் போகாது. காய்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்கமாட்டார்கள். நடுவில் நாகக்கல், பக்கத்தில் ஒரு குளம். அந்தியில் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி போய் விளக்கு வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். எங்களைப் பெற்ற அம்மை போனபிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அங்கே ஒரு அயனிமரம் நின்றது. இரண்டு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். அதன் ஒரு கொம்பு முழங்கை மாதிரி மடங்கிக் குளத்துக்கு மேலே நீண்டிருக்கும். கொம்பு மடங்கும் இடத்தில் ஒரு பொந்து. பொந்தில் ஒரு ஆந்தை. பட்டப்பகலில் போனாலும் கண்ணைப் பாதி திறந்து, 'நீயா' என்பதுபோல் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

ஓக் மரமாக நான் வரைந்தது அந்த அயனியைத்தான். இலையை மட்டும் புத்தகத்தைப் பார்த்து மாற்றினேன். பாட்ஜருக்கு எங்கள் மரநாயின் நடையைக் கொடுத்தேன். ஆற்றங்கரைப் படத்தில் வரும் நீர்நாய், மழைக்காலத்தில் ஓடை வழியாக எங்கள் குளத்துக்கு ஏறிவரும் நீர்நாய்தான். வேலிப்புதர்ப் படத்துக்கு முள்ளெலி வேண்டும் என்றான். காவில் பொறுக்கிய முள்ளம்பன்றி முள்ளைப் பார்த்து வரைந்தேன். முள் நீளமாகிவிட்டது.

"ஏட்டி பாக்கியம், இது முள்ளெலியா இல்ல போலீசுக்காரனுக்க ஈட்டியா? கொஞ்சம் குறை" என்று சிரித்தான்.

குறைத்தேன். படங்கள் அவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்று பள்ளியே பேசியது. இருக்காமல் என்ன செய்யும்?

ஒரு ஒப்பு

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ரப்பர் பைத்தியம் பிடித்திருந்தது. பேச்சிப்பாறைப் பக்கம் மலையில் துரைமார் வைத்த மரம் மெதுவாகக் கீழே இறங்கி, ஒவ்வொரு விளையாக ஏறிக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்தாலும் கன்று எங்கே கிடைக்கும், பால் எப்போது எடுக்கலாம், இதே பேச்சு. அண்ணனுக்கும் அது தொற்றியது.

சொத்து எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. காவு என் பாகத்தோடு ஒட்டியது. நான் ஒப்பு, அதாவது கையெழுத்து, போடாமல் அதில் ஒரு கொப்பைக்கூட அவனால் ஒடிக்க முடியாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் சோறு உண்டுகொண்டிருக்கும்போது பேச்சைத் தொடங்கினான்.

"காவ மாத்திருவோம் பாக்கியம். தந்திரிய வரச்சொல்லியிருக்கேன். முறைப்படி எல்லாம் செய்யியதுதான்."

"குளம்?"

"குளத்த யாரு தொடப்போறா? அதச் சுத்தியுள்ள மரமும் நிக்கும். அந்த அயனியும் நிக்கும். போதுமா?"

"அதுக்குள்ள இருக்கியது எல்லாம் எங்க போகும் அண்ணே?"

"அதுக்குத்தானே தந்திரி. தெய்வம் போனா அதுகளும் பின்னால போயிரும். நீயும் படிச்சவதானே, ஒனக்கு இதெல்லாம் சொல்லியா தரணும்?"

அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தையும் அவன் ஒரே மூச்சில் சொன்னான். படிப்பையும் தந்திரியையும் ஒரே இலையில் பரிமாறினான். அப்போதே எழுந்து கை கழுவிவிட்டு, 'ஒப்புப் போட மாட்டேன்' என்று சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷம் வேறு வேறு காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அண்ணன் மனம் நோகும், பெண் தனியாக எதிர்த்து நிற்க முடியாது, ஊர் பேசும். எல்லாம் பொய். உண்மையை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். தினமும் அந்தியில் விளக்கு வைக்கப் போவது எனக்குச் சலித்துவிட்டது. மழைநாளில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அட்டை ஏறிய காலோடு, நனைந்த திரியைப் பற்றவைக்கப் படும் பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. சிமெண்டுத் தரை என்றால் வீட்டு வாசலிலிருந்து எட்டி வைத்துவிடலாம்.

அதற்காக ஒப்புப் போட்டேன். பேனாவின் மூடியை அவன்தான் திறந்து கொடுத்தான்.

சும்மா பாம்பு

குடம் மூலைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே மரம்வெட்டிகள் வந்தார்கள். நாங்கள் இருவரும் பள்ளிக்குப் போனோம். அன்றைக்கு அண்ணன் எடுத்த பாடம் ஓக் மரக்காடு. நான் கற்பனை செய்து எழுதுவதாக நினைக்காதீர்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

"காடுண்ணா மரம் மட்டும் இல்ல பிள்ளைகளே. பொந்துல ஆந்தை, வேருக்கடியில பாட்ஜர், சருகுக்கடியில வண்டு. ஒண்ண எடுத்தா இன்னொண்ணு நிக்காது. ஒரு மரத்த வெட்டினா எத்தன பேருக்க வீடு போகுது, சொல்லுங்க பாப்போம்."

பிள்ளைகள் சொன்னார்கள். வண்டு, எலி, ஆந்தை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் காவு தூரமில்லை. கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் காதில் மட்டும் விழவில்லையா? கரும்பலகையில் அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டான்.

மூன்றாம் நாள் அயனியும் விழுந்தது. "நிழல் விழுந்தா கன்னு வளராது" என்று காரணம் சொன்னான். குளத்துக்குள் கொப்பும் இலையும் தள்ளி, மேலே மண் போட்டார்கள். குளத்தைத் தொடப்போவதில்லை என்று சோற்று இலைக்கு முன்னால் சொன்ன வாய், அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

பிறகு உள்ளே இருந்தவை வெளியே வந்தன.

மரநாய் குட்டிகளோடு எங்கள் சமையல்கட்டு உத்தரத்தில் ஏறிக்கொண்டது. உடும்பு கிணற்றுக்குள் விழுந்தது. பாம்புகள் விளை விளையாக, வீடு வீடாகப் போயின. எங்கே போகும் பின்னே? குடத்துக்குள் இடம் இல்லையே.

அதுவரை எங்கள் ஊரில் பாம்பை யாரும் அடித்ததில்லை. குறுக்கே வந்தால் கைகூப்பி நிற்பார்கள், 'போ தாயே' என்று வழிவிடுவார்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் மஞ்சள்தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். நான் பிறந்ததிலிருந்து கண்ட பழக்கம் அது. அந்த வாரம் அது மாறியதைப் பார்த்தேன். ஆண்கள் கையில் தடி, பெண்கள் கையில் உலக்கை.

"அடிக்காதீங்க, அது காவுப் பாம்பு" என்று நான் ஓடினேன்.

"காவத்தான் மாத்தியாச்சே" என்றாள், போன ஆயில்ய நட்சத்திர நாளில்கூட எங்கள் காவில் பால் வைத்துக் கும்பிட்ட அடுத்த வீட்டு மாமி. "தெய்வம் அங்க போயாச்சு. இது சும்மா பாம்பு."

சும்மா பாம்பு. தந்திரி சொன்னார் அல்லவா, இனி அங்கே ஒன்றும் பாக்கியில்லை என்று. மந்திரம் தெய்வத்தைக் குடத்தில் ஏற்றியதோ என்னமோ, இத்தனை காலமும் அந்த உயிர்களுக்குக் காவலாக இருந்த பயத்தை ஒரே காலையில் இறக்கிவிட்டது. எங்களைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு புத்தி வரும்? அடித்துவிட்டுக் கை கழுவி, அதே ஈரக் கையோடு சிமெண்டுத் தரைக்குப் போய்ப் பால் வைத்தார்கள்.

பக்கத்து விளைக்காரர் தவசி ஒருவர்தான் தடி எடுக்கவில்லை. அவர் அய்யாவழி மார்க்கம். கல்லையும் பாம்பையும் கும்பிடாதவர். நெற்றியில் நாமம் மட்டும் பளிச்சென்று இருக்கும். அவருடைய மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் நுழைந்த சாரையைக் கோணிச்சாக்கில் பிடித்து ஆற்றங்கரையில் கொண்டு விட்டுவிட்டு வந்தார்.

"நீங்க கும்பிடாத ஆளுல்லியா?" என்று கேட்டேன்.

"கும்பிடாட்டி அடிக்கணுமா பிள்ளே?" என்றார். "நீங்க கும்பிட்டதுக்கு அதுகளுக்கு என்ன கிடைச்சுண்ணு பாத்தியா?"

எங்கள் விளைக்குப் போகும் வழியில் அடித்துப் போட்டவற்றை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். பதினொன்று வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. அண்ணன் வந்து குனிந்து பார்த்தான். அவற்றில் சின்னதாக ஒன்றைக் குச்சியால் தூக்கி, ஸ்பிரிட் குப்பியில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோனான். மூடியில் பேர் எழுதி ஒட்டினான். பாடத்துக்கு உதவுமாம்.

அந்த ஆந்தை எங்கே

இதற்கு நடுவில் ஒன்று. அந்த நாட்களில் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊரெல்லாம் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் மேடையேறி நன்றாகப் பேசுவான். 'நம் மண், நம் மண்' என்று அவன் தொண்டை கட்டக் கத்துவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவன் நகத்திடுக்கில் இருந்த காவு மண்தான் ஞாபகத்துக்கு வரும். சேர்ந்தது நல்லதுதான். அதில் எனக்குத் தகராறு இல்லை. மண் என்று அவன் எதைச் சொன்னான் என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை.

காவு இருந்த இடத்தில் ரப்பர் கன்று ஒரு முழம் வளர்ந்திருந்தபோது பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வேட்டியும் கோட்டும் போட்ட மெலிந்த மனிதர். அண்ணன் ஐந்து படங்களையும் சுவரில் மாட்டியிருந்தான். என்னையும் கூப்பிட்டு நிறுத்தினான். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து ஓக் காட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். முன்வரிசையில் இருந்த எஸ்தர் என்ற பெண்ணை எழுப்பினார்.

"இது என்ன இடம், சொல்லு."

எஸ்தர் நன்றாகப் படிக்கிற பிள்ளை. தினமும் எங்கள் விளை வழியாகத்தான் பள்ளிக்கு வருவாள்.

"மாதவன் சாருக்க காவு சார்" என்றாள்.

வகுப்பு சிரித்தது. அண்ணனும் சிரித்தான். "இல்ல மக்கா. இது மிதவெப்ப நாட்டு ஓக் மரக்காடு. நேத்துகூடப் படிச்சோமில்லியா?"

அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து படத்தில் விரல் வைத்தாள். "இல்ல சார். இந்த மடங்கின கொம்பு, அதுக்க பொந்து, இந்த ஆந்தை. இதுக்க ஒரு கண்ணு பாதி மூடித்தான் இருக்கும். நாங்க வழியில நிண்ணு பாப்போம்."

இன்ஸ்பெக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படியா? இவ்வளவு பக்கத்திலா? புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளை அங்கேயே கூட்டிக்கொண்டு போகலாமே. வாருங்கள், இப்போதே போய்ப் பார்ப்போம்."

அண்ணன் சாக்பீஸைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். என்னைப் பார்த்தான். அவன் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லிச் சமாளி என்பது அது.

"இப்ப அங்க ரப்பர் சார்" என்றேன். "அந்த ஆந்தை இந்தப் படத்துல மட்டுந்தான் இருக்கு. பக்கத்துல ஒரு குப்பியில பாம்பும் இருக்கு. பாக்கணும்னா பாருங்க."

இன்ஸ்பெக்டர் குப்பியைப் பார்க்கவில்லை. நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனார். எஸ்தர் மட்டும் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் அந்தத் துணிப்படத்தைச் சுருட்டிக்கொண்டு என் வகுப்புக்கு வந்தான். கோபத்தில் முகம் கறுத்திருந்தாலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"இந்த மரத்த மட்டும் மாத்திக் குடு பாக்கியம். கொம்ப நேராக்கு. ஆந்தைய எடுத்திரு. ஒரு மணிக்கூர் வேலைதானே."

"மாத்த மாட்டேன்."

"ஒரு படந்தானே?"

"அந்த ஒண்ணுதான் பாக்கி. அதையும் வெட்டணுமா ஒனக்கு?"

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த வாரமே அவன் பட்டணத்திலிருந்து அச்சடித்த படம் ஒன்றை வரவழைத்து மாட்டினான். அதில் உண்மையான ஓக் மரம் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். அவன் போய்ச் சேர்ந்து இப்போது பல வருஷமாகிறது. ரப்பரை ஒருமுறை வெட்டி மறுபடி நட்டாயிற்று. சிமெண்டுத் தரையில் இன்றும் விளக்கு எரிகிறது. அங்கே ஒரு பல்லி ஓடிக்கூட நான் பார்த்ததில்லை.

துணிப்படம் என்னிடம்தான் இருக்கிறது. ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆந்தை அப்படியே இருக்கிறது, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. அடியில் அண்ணனின் அழகான கையெழுத்து: 'மிதவெப்ப நாட்டின் ஓக் மரக்காடு.'

அதை அடித்துவிட்டு 'எங்கள் காவு' என்று எழுத எத்தனையோ முறை தூரிகையைத் தொட்டு எடுத்திருக்கிறேன். போன வாரம்கூட எடுத்தேன். 'எங்கள்' என்று எழுதக் கை வரவில்லை. ஒப்புப் போட்ட அன்றைக்கு மட்டும் நன்றாகத்தான் வந்தது.